இடம் விட்டுப் பேசிய அப்பச்சி

அப்பச்சி,

இன்று காலையில் மருமகள் பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டினாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சுவரில் சாய்த்து வைத்த செல்போனில் ஒரு பொம்மைக் கரடி ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைப் பார்த்து வாயைப் பிளக்கும்போதெல்லாம் இவள் மிளகாய்ப்பொடி தொட்ட ஒரு விள்ளலை உள்ளே தள்ளினாள். கரடி ஒரு பழத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டது. கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தது. பேரன் கண்ணில் தண்ணீர் வர, "அம்மா, காரம்" என்றான். "வெரி குட்!" என்று கரடி கைதட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் அந்தப் போனைக் குப்புறக் கவிழ்த்தேன். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? இது உங்களிடம் சொல்ல வேண்டியது. நீங்கள் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. பரவாயில்லை, பதில் வராத இடத்தில் பேசி எனக்குப் பழக்கம் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம் அது. நீங்கள் பினாங்கில் கடை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் என்னைப் பெற்ற ஆத்தாவும் அரிமளத்தில், பெரியப்பா குடும்பத்தோடு அந்தப் பெரிய வீட்டில் இருந்தோம். மகள் நான் தவழும்போதே நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த அப்பச்சி, கண்ணாடிச் சட்டத்துக்குள் கோட்டுப் போட்டு நின்ற அப்பச்சிதான். அப்புறம் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் அந்த டேப் ரிக்கார்டரைக் கொடுத்து அனுப்பினீர்கள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ஆத்தா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாடி அறையில் ஒரு முக்காலியில் உட்கார்த்தினாள். மாப்பிள்ளைக்குக்கூட அந்த உபசாரம் நடந்திருக்காது.

நாடா சுற்ற ஆரம்பித்தது. "வள்ளி, சாப்பிட்டியா தாயி?" என்றது உங்கள் குரல். பிறகு சத்தமே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கேக்குறாகள்ல, சொல்லு" என்று ஆத்தா இடித்தாள். "சாப்ட்டேன்" என்றேன். "நல்லது, நல்லது" என்றீர்கள் நீங்கள். கூடியிருந்தவர்கள் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை பதில் சொல்லட்டும் என்று கேள்விக்குக் கேள்வி இடம் விட்டுப் பேசி வைத்திருந்தீர்கள். அந்த யோசனைக்குப் பின்னால் இருந்த ஆசையை நான் இல்லையென்று சொல்லவில்லை.

அதிலிருந்து விளக்கு வைத்ததும் ஆத்தா என்னை மாடியில் உட்கார்த்தி, பெட்டியை ஓடவிட்டு, கீழே அடுப்படிக்குப் போய்விடுவாள். யாராவது கேட்டால், "புள்ளை அவுக அப்பச்சியோட பேசிக்கிட்டு இருக்கு" என்பாள். நான் பேசுவது உங்களுக்குக் கேட்குமா என்று கேட்டேன். "நீ சொல்றதையெல்லாம் பெட்டி பிடிச்சு வச்சுக்கும், அப்படியே அப்பச்சிக்குப் போயிரும்" என்றாள். பிடித்து வைக்க எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அப்படி ஒரு பித்தான் இருப்பதே எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த நாடாவில்தான் அவள் வந்தாள். மழை பெய்ததா என்று நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "மாமா, மாமா! பட்டம் மரத்துல மாட்டிக்கிச்சு!" உடனே நீங்கள், "இந்தா வாரேன் செல்வி, அழுகாத" என்றீர்கள். நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் போனது. நாடா சும்மா ஓடியது. தூரத்தில் நீங்களும் அவளும் சிரித்தீர்கள். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, "எங்க விட்டேன்... ஆங், நல்லாப் படிக்கணும் வள்ளி" என்றீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையாம். ஆத்தா விசாரித்துச் சொன்னாள். இருக்கட்டுமே! ஒரு தடவை கூப்பிட்டதற்கு எழுந்து போனீர்களே. எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலமானால் அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டு, கேட்டு, எரிந்தேன். அவளைப்போலவே குரலை இழுத்து, "அப்பச்சி, அப்பச்சி!" என்று கத்திப் பார்த்தேன். நீங்கள் பாட்டுக்கு, "பள்ளிக்கூடத்துல யாரோட சேர்ந்து இருக்கே?" என்று கேட்டீர்கள்.

பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார்கள். பந்தல் மூங்கிலில் ஏறி விளையாடும்போது என் இடது குதிகாலில் சிராய் ஏறியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, உள்ளே ஒடிந்து தங்கிவிட்டது. ஆத்தா பலகாரக்காரர்களுக்கு நடுவில் மாவும் கையுமாக நின்றாள். "ஆத்தா, கால்ல..." என்று ஆரம்பித்தேன். "மாடிக்குப் போயி அப்பச்சிகிட்டச் சொல்லு, போ" என்றாள்.

போய்ச் சொன்னேன். "ஒடம்பு சொகமா இருக்கா தாயி?" என்று கேட்டீர்கள். "கால்ல சிராய் ஏறிருச்சு அப்பச்சி, வலிக்குது" என்றேன். "நல்லது, நல்லது. அப்படித்தான் இருக்கணும்" என்றீர்கள்.

சாப்பாடு போடும்போது ஆத்தா கேட்டாள். "அப்பச்சிகிட்டச் சொன்னியா? என்ன சொன்னாக?"

"நல்லதுன்னாக."

"பெறகென்ன!" என்று சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். நானும் அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை. அப்பச்சியே நல்லது என்று சொன்ன பிறகு யாரிடம் போய்ச் சொல்ல?

தாலி கட்டுகிற நேரத்தில் காய்ச்சலில் சுருண்டு விழுந்தேன். கால் வீங்கிக் கறுத்திருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் குதிகாலைக் கீறிச் சதையை எடுத்தார்கள். காலே போயிருக்கும் என்றார் டாக்டர். காலைக் காப்பாற்றினார்கள், நடையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆத்தா கட்டிலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்தவள், பாதிப் பாரத்தைப் பெட்டி சுமக்கிறது என்று நம்பிவிட்டாள்.

தந்தி கிடைத்து நீங்கள் கப்பலில் வந்து சேர்வதற்குள் நான் நொண்டி நடக்கப் பழகியிருந்தேன். சட்டத்துக்குள் இருந்ததைவிட நீங்கள் குள்ளம். என்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கே தாயி?" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் நல்லது என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். நான்தான் திருப்பிக் கேட்டேன்.

"செல்விக்குக் கால்ல சிராய் ஏறுனா என்ன செய்வீங்க?"

நீங்கள் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "அவளுக்கு ஒருநா ஏறிருச்சே! காலை மடியில வச்சு, ஊக்கைத் தீயில காட்டி, சட்டுன்னு எடுத்துவிட்டேன். என்னா கத்துக் கத்துனா தெரியுமா" என்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு நீங்கள் பினாங்குக்குப் போகவே இல்லை.

புதுக்கோட்டையில் சின்னதாகக் கடை வைத்தீர்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் என் குதிகாலில் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவீர்கள். எனக்குக் கல்யாணமாகும்வரை அது நிற்கவில்லை. ஊரில் எந்த அப்பன் அப்படிச் செய்தான்? இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அப்பச்சி, எனக்குக் கிடைத்தது தழும்புக்குத் தேய்த்த கை. சிராயை எடுத்த கை அவளுக்குப் போய்விட்டது.

பேரன்பேத்தி எடுத்தாயிற்று, முழங்காலும் போயிற்று, இந்தப் பொறாமை மட்டும் போக மாட்டேன் என்கிறது. பினாங்கிலிருந்து யார் வந்தாலும் செல்வியைப் பற்றிக் கேட்க வாயெடுப்பேன், கேட்க மாட்டேன். அவளும் இப்போது கிழவியாகத்தான் இருப்பாள். எந்தக் காலில் சிராய் ஏறியது என்று கேட்டால் அவளுக்கு நினைவிருக்காது. பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்த இடத்தை அவளால் காட்ட முடியாது. அவள்மேல் நான் பொறாமைப்படுவது அதற்குத்தான், அப்பச்சி.

உங்கள்
வள்ளி