லூட்சி ரோப் காரில் ஏறினான்

வால்செரா,
3 ஜூலை 1979

அன்புள்ள அண்ணனுக்கு,
முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். ரோப் கார் கம்பம் நட என் மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்ததிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. ஆட்களைக் கயிறு கட்டி அந்தச் சிகரத்துக்கு அழைத்துப்போன வழிகாட்டி நீ; கோபம் நியாயம்தான். இனி மலையேறக் கூடாது என்றார்களாமே. ரோப் காரிலாவது ஒருமுறை போய்வாயேன். பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கிறேன்.
உன் தம்பி,
ஃப்ளூரின்

கூர்,
12 ஜூலை

ஃப்ளூரின்,
பாலாடைக்கட்டி வந்தது. தகரப் பெட்டியில் நின்றுகொண்டு சிகரம் போக நான் மூட்டை இல்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.
லூட்சி

வால்செரா,
20 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,
ரோப் காரில் டிக்கெட் கிழிப்பது என் மருமகள் மெங்கியா என்பது உனக்குத் தெரியாது போலிருக்கிறது. "தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு நின்னாரு மாமா. 'பெரிய மாமா, சௌக்கியமா?'ன்னேன். 'நான் அவன் இல்ல'ங்கிறாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் இறங்கும்போது உன் கண் சிவந்திருந்ததாம். மேலே என்ன நடந்தது?
ஃப்ளூரின்

கூர்,
29 ஆகஸ்ட்

ஃப்ளூரின்,
திட்டுவதற்குத்தான் போனேன். செருப்புக் காலோடு ஒரு கூட்டம், கையில் ஐஸ்கிரீம். திட்ட வசதியாகத்தான் இருந்தது. அப்போது சக்கர நாற்காலியில் ஓர் அம்மாளைக் கணவர் தள்ளிக்கொண்டு வந்தார். "இதுதானாங்க அது? நம்ம அடுப்படி ஜன்னல்லேர்ந்து தெரியுமே, அதுவா?" என்று கேட்டார் அந்த அம்மாள். கைப்பிடிக் கம்பியில் படிந்திருந்த பனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ பேரை மேலே கொண்டுசேர்த்திருக்கிறேன். இவரை என்னால் ஒருநாளும் கூட்டிவந்திருக்க முடியாது. "நீங்க இந்த ஊருங்களா?" என்றார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.
நீ முதன்முதலில் போனபோது எப்படி இருந்தது?
லூட்சி

வால்செரா,
5 செப்டம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,
நான் போனதே இல்லை. சின்ன வயதில் என்னையும் கூட்டிப்போகச் சொல்லி உன்னிடம் கேட்டேன். "உனக்குத் தலை சுத்தும்டா, போய் மாட்டப் பாரு" என்றாய். சுற்றத்தான் செய்கிறது. ரோப் காரில் இரண்டு முறை ஏறி, கதவு மூடுமுன் இறங்கி ஓடி வந்துவிட்டேன். வெளியே சொல்லிவிடாதே.
ஃப்ளூரின்

கூர்,
10 செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,
ஞாயிற்றுக்கிழமை முதல் ரோப் காருக்கு வருகிறேன். பெட்டியின் நடுவில் நில். கண்ணாடிப் பக்கம் திரும்பாதே, என் முகத்தைப் பார். கையைப் பிடித்துக்கொள், மெங்கியா சிரித்தால் சிரிக்கட்டும். குளிரும், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வா.
அண்ணன்,
லூட்சி