சூடுண்ணி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? நீராவி அடிக்கிற சலவை அறையில் நிற்பவருக்குப் பனியைப் பற்றி எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை நாங்கள் நிறுத்தவில்லை. அதே சைக்கிள் கடை மாடி, அதே ஆடுகிற மேசை. அதன் காலுக்கு அட்டை மடித்து வைப்பது இன்னமும் பல் டாக்டரின் வேலைதான். போன வாரம் கடைக்காரரே மேலே வந்துவிட்டார். "வாரா வாரம் கதவச் சாத்திக்கிட்டு என்னதான் பண்றீங்க? சீட்டா?"

"இல்லைங்க. நான் கதை சொல்வேன். இவங்கள்லாம் ஆளுக்கொரு வேஷம். மலையில என்ன செய்யப் போறோம்னு இவங்க சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்."

"காசு உண்டா?"

"கிடையாது."

"அப்புறம் எதுக்கு?" என்றார். பல் டாக்டர் அவர் கையில் ஒரு பகடையைக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். மலைக்கதைக்காக ஒரு பனிப் பூதம் செய்தேன். பெயர் சூடுண்ணி. கர்ஜிக்கிற பூதம் வந்தால் இவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் இதற்குக் கண்ணும் கிடையாது, சத்தமும் கிடையாது. கிட்டே வரும், அவ்வளவுதான். வந்ததும் விரல் மரத்துப்போகும், பகடையை இடது கையால்தான் உருட்ட வேண்டும். அடுத்தது நாக்கு. தன் முறை வரும்போது மூன்று சொல்லுக்கு மேல் பேசக்கூடாது. அதற்கும் அடுத்த சுற்றில், அவரவர் வேஷம் போடும் ஆளுக்குப் பிடித்தமான ஒரு ஞாபகத்தை மேசையில் சொல்லிவிட்டு, அது மறந்துபோனதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்துபோட்டு, செருப்பை வெளியே விடச் சொல்லி நடத்தினேன். தட்டச்சுக்காரிக்கு நிஜமாகவே பல் கிட்டியது. "அண்ணா, போதும்ணா, ஜன்னலச் சாத்துங்க" என்று கெஞ்சினாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

தப்பிக்க வழியே வைக்காமல் பூதத்தை விடுவது வெறும் கொடுமை என்று, கப்பலுக்குப் போகுமுன் இந்த மேசையை நடத்திய அண்ணன் சொல்வாரே. அதனால் அதன் குணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மலையில் எது அதிகச் சூடோ அதைத் தேடித்தான் போகும், அதை விட்டுவிட்டு வேறு எதையும் தொடாது.

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அது மொதல்ல தீ எரியுற நம்ம முகாமுக்குத்தானே போகும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது அண்ணி. நேரிலும் வராமல் கடிதமும் போடாமல் இருப்பவரின் ஆள் முகாமில் தீ காக்க வேண்டும் என்பது நம் மேசை வழக்கம். துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிதம் போட்டு விளையாடிக்கொண்டிருந்த அண்ணனின் கோடரிக்காரர், கப்பல் காணாமல் போனதிலிருந்து அந்தத் தீக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்? அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? மடையன் நான்.

அதோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். என்ன செய்யட்டும், எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், ஒரு முடிவும் வராது.

உங்கள் அன்புக் கொழுந்தன்


ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த டாக்டர் எழுதின மருந்துச் சீட்டுக்கா?" என்கிறாள். கொஞ்சம் திருத்தமாகத்தான் எழுதேன்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. ஹோட்டலின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத கூடம். மேலே யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் எல்லாம் இங்கே வந்து குவிகின்றன. துவைத்ததும் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் விடுவோம். எனக்கு ஜோடியாக நிற்பவள் இடது கைக்காரி. அவள் மடிக்கிற பக்கமும் நான் மடிக்கிற பக்கமும் எப்போதும் எதிரும் புதிருமாக இருக்கும், மேஸ்திரி கத்துவார். மணிக்கட்டில் ஒரு சூடு வாங்கினேன், ஆறிவிட்டது. நீ சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? டீயைக் குடித்தே நாளை ஓட்டுகிறாய் என்று தட்டச்சுக்காரி எழுதியிருந்தாள்.

உன் பூதத்தின் பெயரைப் பார்த்து முதலில் சிரிப்புதான் வந்தது, மாட்டு உண்ணியின் அக்கா பெண் மாதிரி. பிறகு சிரிப்பு வரவில்லை.

தம்பி, ஒரு வரியில் முடிகிற விஷயம் இது. அவர் தீப்பக்கம் இல்லை, விறகு பொறுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு. யார் கேட்கப் போகிறார்கள்? உன் அண்ணனாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், ஏதோ நினைப்பில் சிரித்துக்கொண்டே "நான் ஆத்துல குதிக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். பகடையை எல்லார் கண்முன்னால் உருட்டி, என் ஆளை மூழ்கடித்தே விட்டார். புதுப் பெண்டாட்டி என்று கூடப் பார்க்கவில்லை. "மேசையில சொன்னது சொன்னதுதான். வேற எங்க வேணும்னாலும் உனக்காகப் பொய் சொல்றேன், இங்க மாட்டேன்" என்றார். இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நீ அவர் இல்லையே. நீ கொஞ்சம் இளகினவன்.

கப்பல் கம்பெனி ஆள் இங்கேயும் தேடிக்கொண்டு வந்துவிட்டார். உன் அண்ணன் இறந்துபோனதாக நான் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் காரியம் சுலபமாக முடியுமாம். யாருடைய காரியம் என்று கேட்டேன். பாவம், அந்த ஆளுக்கு முகம் செத்துவிட்டது.

விறகு பொறுக்கப் போயிருக்கிறார். மறக்காதே.

உன் அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் படித்துக் காட்டினேன். எல்லாரும் சரி என்றார்கள். "விறகுதானே? போயிட்டு வரட்டும். நான்கூடத் துணைக்குப் போறேன்" என்றார் பல் டாக்டர். நான்தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள் அண்ணி, விறகு பொறுக்கப் போனவர் எப்போது திரும்புவார்? அதையும் நான்தானே சொல்ல வேண்டும்? ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கும்போது "கோடரிக்காரர் தீ காக்கிறார்" என்று சொல்கிறேன். சொல்லும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் செய்யாததைச் செய்து, அண்ணனைக் காப்பாற்றுவதா? எனக்கு அது முடியாது.

தீயை அணைத்துவிட்டால் சூடுண்ணி வராது என்றாள் தட்டச்சுக்காரி. உண்மைதான். ஆனால் அந்தப் பனியில் தீ இல்லாமல் அவர் விடியும்வரை தாங்க மாட்டார். அணைத்தாலும் சாவு, எரிந்தாலும் சாவு. நான் செய்த பூதம் எனக்கே இதுவரை இவ்வளவு கெட்டதாகத் தெரியவில்லை அண்ணி, இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் ஆளான வைத்தியச்சி முகாமுக்குக் கீழே குகையில் இருக்கிறாள். அவள் என்ன செய்கிறாள் என்று நீங்கள் எழுதுங்கள். எதுவானாலும் கூட்டாமல் குறைக்காமல் மேசையில் வாசிப்பேன். மற்றது பகடை.

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 5

தம்பிக்கு,

திட்டவில்லை. நீ சொல்வது புரிகிறது. எனக்குப் புரியக்கூடாது என்றுதான் இருந்தது.

இதை வாசி: வைத்தியச்சி தன் எண்ணெய் ஜாடிகள் எல்லாவற்றையும் குகை வாசலில் கொட்டுகிறாள். மிச்சத்தைத் தன் மேல் ஊற்றிக்கொள்கிறாள். பற்ற வைக்கிறாள். முகாம் தீயை விட அவள் பெரிய தீ. சூடுண்ணி அவளிடம் வரட்டும். அவர் அங்கேயே, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

யோசிக்காமல் எழுதியது என்று நினைக்காதே. ரொம்ப யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கம்பெனி ஆள் மறுபடி வந்தார். இந்தத் தடவை பேனாவும் அவரே கொண்டுவந்தார். நான் நீராவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சும்மாதான் நின்றேன். நல்ல சூடு. வெளியே வரவே மனம் இல்லை. இடது கைக்காரி கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் நர்ஸ் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறாள். வேடிக்கையான பெண்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆடி முடித்தோம்.

நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்தேன். எண்ணெய் கொட்டிய இடம் ஈரம், அதனால் நாலும் அதற்கு மேலும் விழுந்தால் பற்றும் என்று சொன்னேன், எல்லாரும் நியாயம் என்றார்கள். உருட்டினேன். இரண்டு விழுந்தது. பற்றவில்லை அண்ணி.

சூடுண்ணி குகையைத் தாண்டி மேலே போனது. கோடரிக்காரர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வலி இல்லை என்று சொன்னேன். விரல், நாக்கு, ஞாபகம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கவில்லை, தீயோடு சேர்ந்து ஒரே மூச்சில் அணைந்துபோனார் என்று சொன்னேன். தட்டச்சுக்காரி மேசையில் கவிழ்ந்து அழுதாள். பல் டாக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் வைத்தியச்சி பிழைத்துவிட்டாள். அதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வாருங்கள், உங்கள் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. அந்த நீராவி அறைக்குள் தனியாகப் போகாதீர்கள். நர்ஸ் பெண்ணுக்கு என் வணக்கம். அவர் எதிரில் உட்காரட்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்து விஷயம் உங்கள் இஷ்டம். போட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உங்கள் அன்புக் கொழுந்தன்


பிப்ரவரி 24

தட்டச்சுக்காரி எழுதியிருக்கிறாள். பொறுக்க முடியவில்லையாம். அன்றைக்கு நீ உனக்கு முன்னால் ஒரு அட்டையை நிறுத்தி வைத்து, அதற்குப் பின்னால் உருட்டினாயாம். அந்த மேசையில் இதுவரை யாரும் மறைத்து உருட்டியதில்லை. நீ பகடையைக் கையால் மூடுவதற்குள் அவள் ஓரமாகப் பார்த்துவிட்டாளாம். ஆறு விழுந்திருந்தது.

பல் டாக்டரும் அட்டையை எடுக்கச் சொல்லவில்லையாம். எல்லாரும் சேர்ந்துதான் செய்திருக்கிறீர்கள்.

எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தைப் படித்துப் பயந்துபோனாய். பயந்தது தப்பில்லை. அந்த நீராவி அறையைப் பற்றி உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை. நர்ஸிடம் சொன்னேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். வாரா வாரம் போகிறேன். அதனால் அந்தக் கவலையை விடு. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன்.

ஆனால் உன் அண்ணனாக இருந்திருந்தால் என்னைச் சாகவிட்டிருப்பார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஆறு என்று சொல்லியிருப்பார். நான் அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது தம்பி. அவருக்காக எதையாவது செய்தோம் என்று ஒன்று. நடுக்கடலில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குகையில் முடிந்தது, பகடையும் சரி என்றது. அதை நீ கையால் மூடிவிட்டாய்.

இப்போது திருத்தி எழுதாதே. மேசையில் சொன்னது சொன்னதுதான், பொய்யானாலும். கோடரிக்காரர் போய்விட்டார் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ சொன்னாய், அவர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆளை நானே வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். விரிப்புகள் நிறையக் குவிந்து கிடந்தன.

எனக்கு உன் மேல் வெறுப்பு இல்லை. இருந்தால் எளிதாக இருக்கும், சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் இனி எழுதாதே. நீ எழுதினால் மேலே "அன்புள்ள அண்ணிக்கு" என்று போடுவாய். அண்ணன் இருந்ததால்தான் நான் உனக்கு அண்ணி. நான் உனக்கு இப்போது என்ன முறை என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. அதனால்தான் மேலே எதுவும் போடாமல் தொடங்கினேன். கீழேயும் என்ன போடுவது என்று தெரியவில்லை.