சம்மந்தி வாசிக்காமல் விட்ட வரி

யாகப்பர் துணை
குருநகர்

அன்பு மகள் நிரோஜினிக்கு,

யாகப்பர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அதே சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பா இந்தக் காற்றிலும் கடலுக்குப் போய்விட்டார், சொன்னால் கேட்கிற ஆளா. இதை நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

எனக்குக் காது மந்தம், போனில் கதைத்தால் பாதி விளங்காது என்றுதானே நீ கணினியில் கடிதம் எழுதி அனுப்பத் தொடங்கினாய். முதல் கடிதத்தைத் திறந்தால் தமிழே இல்லை, இங்கிலிஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரே குப்பை. நீ எழுதுகிற பாமினி என்ற தமிழ் எழுத்துரு என் கணினியில் இல்லையாம், பாசையூரில் உன் மாமியின் கணினியில் இருக்கிறதாம். இருக்கும்தானே, மருமகன் நோர்வேயிலிருந்து வந்து நின்றபோது தன் தாய்க்கு எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தவர், என்னுடையதற்குப் போட மட்டும் நேரம் வரவில்லை. எனக்கு எரிச்சல்தான், ஏன் மறைப்பான். பெற்ற பிள்ளையின் கடிதத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்ச் சம்மந்தி வாயால் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராசாத்தி மாதிரி இருந்து வாசித்தார். ஓரிடத்தில் சட்டென்று வாசிப்பை நிறுத்தினார், என்ன என்று கேட்டதற்கு, ஒண்டுமில்லைச் சம்மந்தி, அங்கை சரியான குளிராம் என்றார். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்து, பேறு பார்க்கத் தான்தான் நோர்வேக்குப் போகப்போவதாகச் சொல்லி, வாங்கி வைத்த குளிர்ச்சட்டையையும் எடுத்துக் காட்டினார். தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெற்ற தாயல்லவோ போவது. நீ என்னைக் கூப்பிடவில்லையே என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

நேற்று என் தம்பி எமில்ராஜ் அந்தப் பாமினியைக் கொண்டுவந்து போட்டான். போட்டும் குப்பை குப்பையாகவே கிடந்தது. கடிதம் முழுவதையும் தெரிவுசெய்து, மேலே எழுத்துருவின் பெயரைப் பாமினி என்று மாற்ற வேண்டுமென்று பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. மாற்றினதும் பக்கம் நிறையத் தமிழ். குளிர் என்று எழுதின வரிக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது, அம்மா, பேறு பாக்க நீங்கள்தான் வரவேணும், மாமிக்கு இன்னும் சொல்லேல்லை, அவ கவலைப்படுவா என்று.

உடனே சண்டைக்குத்தான் வெளிக்கிட்டேன். எங்கள் வாசல் படலையடியில் நின்று யோசித்தேன். அந்த வரியைத் தன் கண்ணால் வாசித்த பிறகல்லவோ அவர் எனக்குத் தேத்தண்ணி போட்டவர். எனக்கு எரிந்த மாதிரித்தானே அவருக்கும் எரிந்திருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

நான் வருகிறேன் மகள். பாரமான எதையும் தூக்காதே, செபமாலையை விடாதே. மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். மாமிக்கும் தனியாக ஒரு கடிதம் எழுது, பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வரச்சொல்லிக் கேள். ஆனால் எனக்கு எழுதுவதைவிட நீளமாக எழுதிவிடாதே, அதை அவர் ஒரு வரி விடாமல் எனக்கு வாசித்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
யோசப்பின்