தீமிதி முடியட்டும்

பங்குனி 3, வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. வாசல் வேம்பு பூத்துத் தள்ளுகிறது. பழைய வேட்டி விரித்து அரை முறம் பூ. வருடப் பிறப்புப் பச்சடிக்குப் போதும், மீதி ரசத்துக்கு. கூடவே எறும்பு.

அம்மன் கோயிலில் கொடியேற்றம். இனி ஆடி முடிய திண்டிவனத்தில் ஏதாவது ஒரு தெருவில் மைக் கத்தும். இவர் காப்புக் கட்டிக்கொண்டார். மருமகள் தேவகிக்கு ஏழு வருடம் கழித்துப் போன ஆடியில் நாள் தள்ளியது. பிள்ளை தங்கினால் தீ மிதிக்கிறேன் என்று அன்றே வேண்டிக்கொண்டவர். தீமிதி 13. டாக்டர் சொன்ன நாள் 20. நடுவில் ஒரு வாரம் இருக்கிறதென்று பார்த்துத்தான் காப்புக் கட்டினார்.

பங்குனி 6, ஞாயிறு

லைட்டுக்காரர்கள் வேம்பில் சீரியல் பல்பு சுற்றினார்கள். பாதிப் பூ தரையில்.

"பாத்துக் கட்டுங்கப்பா, பூவெல்லாம் கொட்டுது."

"அம்மனுக்குத்தானம்மா கொட்டிக்கினு இருக்குது."

வாய்.

மத்தியானம் விழுப்புரத்திலிருந்து சம்பந்தியம்மா போன். தேவகிக்கு வலியாம். குழந்தை முந்திக்கொண்டால் தீட்டு. காப்புக் கட்டியிருந்தாலும் எங்கள் கோயிலில் குண்டத்தில் இறங்க விடமாட்டார்கள். போன வருடம் வீட்டில் பிள்ளை பிறந்ததென்று பூக்கடைக்காரர் கையில் இருந்த காப்பை அவிழ்த்தே விட்டார்கள். வேண்டுதல் நின்றுபோனால் இவர் உடைந்துவிடுவார். பிறக்காத பிள்ளையிடம் கெஞ்சினேன், இன்னும் ஒரு வாரம் இரு கண்ணு என்று.

பங்குனி 10, வியாழன்

வெறும் சூட்டு வலிதானாம். நிம்மதி.

வாங்க: மஞ்சள் வேட்டி, கற்பூரம், எறும்பு மருந்து.

இவருக்குக் கோயிலிலேயே படுக்கை. ஒரு வேளைச் சாப்பாடு. இளைத்துவிட்டார். உப்பை விட்டார், செருப்பை விட்டார், செல்லை மட்டும் விடவில்லை.

பங்குனி 13, ஞாயிறு

காலை 9.40. சம்பந்தியம்மா. "பொண்ணு பொறந்திருக்குங்க. தாயும் கொழந்தையும் நல்லா இருக்காங்க. உங்க புள்ள கொழந்தைய கீழ வைக்கமாட்டேன்றாரு. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"நான் சொல்லிக்கிறேன். நீங்க அவருக்குப் போன் பண்ணாதீங்க."

அழுதேன். பிறகு என் செல்லை அணைத்து அரிசி டப்பாவில் போட்டேன். காதில் விழுந்தால்தான் தீட்டு. அவர் காதில் விழவில்லை, அவருக்கு இல்லை. எனக்குத்தான். இது நானே போட்ட கணக்கு. அம்மன் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் கோயிலுக்குள் போகவில்லை. டீக்கடை முனையிலேயே நின்றேன். அவர் இரண்டு கையிலும் பூவோடு வேப்பிலைக் கொத்து. நெருப்பில் வேகமாகக்கூட நடக்கவில்லை மனிதர். பால் குழியில் இறங்கி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பாதம் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்து, "கொழந்த பொறந்துடுச்சுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முழுச் சொம்பையும் குடித்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "பொண்ணு யாரு ஜாடையாம்?"

பெண் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.