பல்லக்குக் காவல்

ஜனவரி 28, செவ்வாய். அல் கோபார், சவூதி.
லீவு இல்லை. சூப்பர்வைசர் மீராசா பாய் தமிழிலேயே சொல்லிவிட்டார். "மார்ச் வரைக்கும் யாருக்கும் கெடையாதுன்னு மொதலாளி கபீல் சொல்லிட்டாரு தம்பி. கலாஸ், முடிஞ்சு போச்சு."

பல்லக்குக்கு எங்கள் ஆள் நிற்காமல் இதோடு மூன்றாவது வருஷம். எங்கள் ஊர் மடாதிபதியான சாமி பல்லக்கில் ஊர் சுற்றும்போது வலப்பக்கம் வேல்கம்போடு நடப்பது எங்கள் வீட்டு ஆள். எத்தனை தலைமுறை என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் தொடர்ந்து ஆள் நிற்காவிட்டால் உரிமை மேலத்தெருப் பங்காளிகளுக்குப் போய்விடும்.

ஜனவரி 30
அப்பாவுக்குப் போன் போட்டேன். "காப்பை மட்டும் நீங்க கட்டிக்கங்கப்பா. பல்லக்கன்னைக்கு நான் வந்து வேல்கம்பை வாங்கிக்கிறேன்."

இல்லாத லீவுக்கு இவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னேன்? போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். டாக்டர் அதிகம் நடக்கக்கூடாது என்றிருந்தார். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

பிப்ரவரி 8, சனி
காப்புக் கட்டியாயிற்று. என் மனைவி அருணா போட்டோ அனுப்பினாள். அப்பா கை குச்சியாக இருக்கிறது. இனி எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பல்லக்கு மடம் திரும்பியதும் சாமியே தன் கையால் காப்பை வெட்டுவார்.

பிப்ரவரி 9
கம்பெனிக் கிடங்கில் கேட் டியூட்டி. நாற்பத்தொரு லாரி. நானும் காவல்தான், குழாய்களுக்கு.

பிப்ரவரி 12
அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது, மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர். அருணா அழுதுகொண்டே சொன்னாள்: "எப்படியோ ஆட்டோல ஏத்திட்டேங்க. எல்லைக் கல்லப் பாத்ததும் எறங்கி, திரும்பி நடக்க ஆரம்பிச்சிட்டாரு."

பிப்ரவரி 13
மடத்து மேனேஜர் ரெங்கராஜுக்குப் போன் செய்து கெஞ்சினேன். விஷயம் சாமி காதுக்குப் போய், அவரே கத்தரியோடு வீட்டுக்கு வந்துவிட்டாராம். காப்பை வெட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான். அப்பா கையை நீட்டவில்லை. "எம் மகன் ஞாயித்துக்கெழம வர்றான் சாமி. அவன் கையில வேல்கம்பக் குடுத்துட்டுத்தான்."

"டிக்கெட் போட்டாச்சா?" அருணா கேட்டாள்.

போட்டாச்சு என்றேன். நான் எல்லாம் ஒரு மனுஷனா?

பிப்ரவரி 14, வெள்ளி
மீராசா பாய் எனக்காக மறுபடி கபீலிடம் போனார். மாஃபி, இல்லவே இல்லை என்றுவிட்டார். பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில்.

அருணாவிடம் உண்மையைச் சொன்னேன்.  "மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டாள்.

சொன்னேன். அப்பா மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் பேசினார். "தெரியும்டா. லீவு கெடச்சா மொத வார்த்தையா, ஒங்களுக்கு என்னப்பா வேணும்னு கேப்ப. இந்தத் தடவ கேக்கலையே."

"பெறகு ஏம்ப்பா சாமிகிட்ட கையை நீட்டல?"

"வர்றேன்னு நீ சொன்னத ஊருக்கே சொல்லிட்டேன். ஒம் பேச்சு பொய்யாப் போச்சுன்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல. நானே நிக்கிறேன்."

ஐயோ அப்பா. சாமிக்குக் காவல் நிற்கச் சொன்னால் என் பொய்க்கு நின்றிருக்கிறீர்களே.

பிப்ரவரி 16, ஞாயிறு
மூன்று தெரு நடந்திருக்கிறார். நாலாவது தெரு முனையில் வேல்கம்பை ஊன்றியபடியே உட்கார்ந்துவிட்டார். மடம் சேரும் முன் தரையில் வைக்கக் கூடாத பல்லக்கை இறக்கச் சொல்லி, சாமி நடுத்தெருவில் இறங்கி ஓடிவந்தாராம். காப்பை வெட்டினாராம்.

உயிர் அதற்கு முன்பே போய்விட்டது.

பிப்ரவரி 17
பத்து நாள் எமர்ஜென்சி லீவு. அரை மணி நேரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் மீராசா பாய்தான் எழுதினார். 

ரெங்கராஜ் போனில் சொன்னார்: "உரிமை உங்க வீட்டுக்குத்தான்னு சாமி சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் நீங்கதான்."

சரி என்றேன். 

பிப்ரவரி 18
தம்மாம் ஏர்போர்ட். எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், அப்பாவை எடுத்துவிடுங்கள் என்று நேற்றே சொல்லிவிட்டேன்.

காலையில் பேரீச்சம்பழம் வாங்கப் போன கடையில், கை தானாக இரண்டு கோடாலித் தைலத்தையும் எடுத்துவிட்டது. அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பது அது ஒன்றுதான். பெட்டியைக் கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பிரித்து எடுக்கவில்லை.