குணமாகாதவர்களையும் எண்ணுகிறவள்

பிப்ரவரி 6, 2013, புதன்

பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாராவாரம் கூடும் அன்பியச் செபம் இன்று எங்கள் வீட்டில். இருந்தவர்கள்: அமிர்தம் அக்கா, அவர் வீட்டுக்காரர் அலெக்சாண்டர், பிலோமினா, என் மகள் எழில், என் நாத்தனார் ஸ்டெல்லா, நான். எழிலின் அப்பாவுக்கு மைன்ஸில் இரண்டாம் ஷிப்ட்.

ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்தேன். தானே புயலில் பலாமரம் கூரைமேல் விழுந்த இரவோடு எழிலுக்குப் பேச்சு நின்றது, ஸ்டெல்லா கலர் பென்சில் கொடுத்து வரைய வைத்த பிறகு “தண்ணி குடும்மா” என்று வாய்விட்டுக் கேட்டாள் என்றேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். ஸ்டெல்லா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேறு கவலை. பயந்துபோன குழந்தைகளைப் படம் வரைவது தேற்றுமா என்பதுதான் அவளுடைய எம்.ஃபில் ஆய்வு. இணையத்திலிருந்து எடுத்து எழுதியதையெல்லாம் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். யார் ஆராய்ந்தது, எத்தனை பேரிடம், எப்படி அளந்தார்கள்? இதற்குப் பதில் உள்ள ஆதாரம்தான் வேண்டுமாம். மார்ச் கடைசிக்குள் தராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். சிறப்புப் பள்ளியில் அவளுக்காக வைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

பிப்ரவரி 9

அவளோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நான் எட்டாவதோடு நின்றவள், ஆங்கிலம் அகராதியை வைத்து நானாகப் படித்தது. ஆனாலும் அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தது.

“படம் வரைந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் பேசும்.” அவளுடைய அத்தியாயத்தின் முதல் வரியே இதுதான். எந்த இணையதளத்தைப் பார்த்தாலும் இருக்கிறது. அவன் இவனைக் காட்டுகிறான், இவன் இன்னொருவனைக் காட்டுகிறான். விடாமல் பின்னாலேயே போனாள்.

கடைசியில் சிரித்துவிட்டாள். “அண்ணி, இத முதல்ல சொன்னது யாரு தெரியுமா? கலர் பென்சில் விக்கிற கம்பெனி!”

அந்த வரியை அங்கேயே எடுத்துவிட்டாள். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். வீட்டுச் செலவில் பில் இல்லாமல் ஒரு வரி எழுதாதவள் நான். ஆனால் எனக்குச் சாதகமான வரியை இப்படி நானே அடித்திருப்பேனா?

பிப்ரவரி 13, திருநீற்றுப் புதன்

உதவலாம் என்று நினைத்தேன். படம் வரைந்து தேறிய பிள்ளைகளின் அம்மாக்களிடம் சாட்சி எழுதி, கையெழுத்து வாங்கினேன். ஞானஸ்நானச் சான்றிதழுக்கே பங்குச் சாமியார் முத்திரை போதுமே! அதையும் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

“முத்திரை வரைக்கும் போயிட்டீங்களா அண்ணி!” என்று சிரித்தவள், பிறகு சிரிக்கவில்லை. “குணமாகாத புள்ளைங்களோட அம்மாகிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

“எழிலப் பத்தியும் நான் எழுத முடியாது. வரைய ஆரம்பிச்ச அதே மாசம்தான் பேச்சுப் பயிற்சிக்கும் போனா. எது பேச வெச்சுதுன்னு நமக்குத் தெரியாது.”

எனக்கு வந்ததே கோபம்! என் பிள்ளை பேசினது பொய்யா? “அப்ப ஆண்டவர் செஞ்சது ஒண்ணுமில்லையா?” என்று கத்திவிட்டேன்.

“அவர் செய்யலன்னு நான் சொல்லல அண்ணி. எந்த வழியா செஞ்சாருன்னு தெரியாம, ஒரு வழிக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பிப்ரவரி 14

சோறு போட்டேன். பேசவில்லை.

பிப்ரவரி 20

அமிர்தம் அக்கா வீட்டில் செபம். சாட்சிக்கு இருவர் எழுந்தார்கள். நான் எழுந்தவர்களைப் பார்க்கவில்லை, எழாதவர்களைப் பார்த்தேன். பிலோமினா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சின்னவளும் புயலுக்குப் பிறகு பேசுவதில்லை. நான்தான் கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தேன்.

வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

“அந்தப் பென்சில கடிச்சித் துப்பிக்கினு கீறா, அன்னாளு. வூட்டுல எல்லாம் செவப்பா துப்பி வெச்சிருக்கா. யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறேனே — ஏன் கேட்கவில்லை? ஆண்டவரே, குணமாகாதவர்களைப் பற்றிய அந்தக் கேள்வியை எங்கள் ஸ்டெல்லாவின் வாயில் வைத்தது நீர்தானா?

பிப்ரவரி 23

பிலோமினா சொன்னதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு ஆய்வேடு கிடைத்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு அநாதை இல்லத்துப் பிள்ளைகளை வரைய வைத்து, ஒரு கன்னியாஸ்திரி எழுதியது. எப்படி அளந்தார் என்றெல்லாம் விவரமாக இருக்கிறதாம். கடைசி அட்டவணைகள் மட்டும் கிழிந்துபோயிருக்கின்றன. அவருடைய மடத்து முகவரியைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

“சிஸ்டருங்களுக்கு எழுத உங்களுக்குத்தான் வரும். நீங்களே எழுதுங்க அண்ணி.”

“என்னத்தக் கேக்கறது?”

“அது உங்களுக்கே தெரியும்” என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிப்ரவரி 25

தபாலில் போட்டேன். பிரதி இது:

வணக்கத்துக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு, மந்தாரக்குப்பத்திலிருந்து அன்னாள் இருதயசாமி எழுதுவது. என் நாத்தனார் ஸ்டெல்லா உங்கள் ஆய்வைத் தன் ஆய்வேட்டுக்கு ஆதாரமாக எடுத்திருக்கிறாள். நூலகப் பிரதியில் கடைசி அட்டவணைகள் இல்லை. வரைந்து தேறிய பிள்ளைகளைப் பற்றிப் படித்தோம். தேறாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அனுப்புங்கள். பிறகு அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். அது ஆய்வேட்டுக்கு அல்ல, இங்கே ஒரு தாய்க்கு நான் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.