நாலாயிரம் முறை திறந்த மீன் ஃபைல்

10 நவம்பர், திங்கள். அரிமளம்

சத்தியமாகச் சொல்கிறேன்: இந்த வாரம் இங்கே எழுதப்போவதை எந்த மனிதப் பிறவியும் நம்பாது.

இருபது வருடமாக மீமிசல் மீன் கம்பெனியின் கணினியை ஆர்பிஜி என்ற நிரல்மொழியால் ஆண்டுவரும் சக்கரவர்த்தி நான். என்னிடம் முதலாளி முகம்மது கனி போனில் சொல்கிறார்: "சேவுகண்ணே, பெட்டிக்கு லேபிள் அடிச்சு வர்றதுக்குள்ள இறாலுக்குப் பேரன் பொறந்துரும் போல. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா மிஷினையும் ஒங்களையும் சேத்து அனுப்பிருவேன்."

என்னையா!

11, செவ்வாய்

கண்டுபிடித்தேன். பெட்டிக்குரிய மீன் பெயரைத் தேடும் ப்ரொசீஜர் என்கிற நிரல் துண்டுக்குள்ளேயே மீன்வகை ஃபைலை வைத்திருக்கிறது ஒரு மூதேவி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஃபைல் திறக்கிறது, தேடுகிறது, மூடுகிறது. நாலாயிரம் பெட்டி, நாலாயிரம் திறப்பு! கீல் இருந்திருந்தால் தேய்ந்து கடலில் விழுந்திருக்கும்.

திருச்சியில் இதே வேலை பார்க்கும் தங்கை மகள் இலக்கியாவுக்கு அனுப்பிவிட்டுக் கொதித்தேன் — எவன்டி எழுதினான் இதை?

"மாமா, மேலயே பேரு போட்டிருக்கு. எஸ். சேவுகன்."

சதி. எவனோ என் பெயரைத் திருடியிருக்கிறான்.

12, புதன்

'ஸ்டாட்டிக்' என்று ஒரே சொல் சேர்த்தேன். இனி ஃபைல் ஒருமுறை திறந்தால் திறந்தே கிடக்கும். ஒரு பெட்டியை வைத்துச் சோதித்தேன். மின்னல்! சக்கரவர்த்திகள் அதற்குமேல் சோதிப்பதில்லை.

13, வியாழன்

போச்சு. முதல் பெட்டியில் 'நண்டு', ஃபைலின் கடைசிப் பெயர். மீதி அத்தனையிலும் பெயரே இல்லை.

"பேரில்லாத மீனை எந்த ஊருக்கண்ணே அனுப்புறது?" என்று கனி கத்தினார். பெட்டி கட்டும் ஹவ்வா உம்மாளும் மற்ற பெண்களும் எல்லாவற்றுக்கும் கையால் எழுதினார்களாம். அந்தம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. என்ன பண்ணித் தொலைச்சேன்?

இலக்கியா சொன்னாள்: "தெறந்தே வச்சீங்க, சரி. போன தடவை படிச்சு நிறுத்துன எடத்துலயே நிக்குதுல்ல மாமா? ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து தேடச் சொல்லணும்."

ஒரே வரி. சேர்த்தேன். இந்த முறை நேற்றைய நாலாயிரம் பெட்டியையும் ஓட்டிப் பார்த்தேன்.

'இதுகூடத் தெரியாதா' என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

14, வெள்ளி

நாற்பது நிமிட வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. பெயர்களும் சரி. கனியிடமிருந்து போனே இல்லை. லாரி ஓட்டும் கோபிநாத்தான் கூப்பிட்டுச் சண்டைக்கு வந்தான்: "ஏண்ணே, லேபிள் அடிக்கிற நேரத்துலதான் நான் செத்த கண்ணசருவேன். அதுக்கும் ஆப்பு வச்சுட்டீங்களே!"

ஹவ்வா உம்மாளுக்குத் தைலம் கொடுத்தனுப்பினேன். ப்ரொசீஜரின் தலையில் இலக்கியா பெயரையும் சேர்த்தேன்.

சக்கரவர்த்தி, சதி, மின்னல் எல்லாம் என் கைச்சரக்கு. எழுதிய மூதேவி நான்தான் என்பது மட்டும் நிஜம்.